புந்தோங்கில் குடியிருந்த ‘நம்ம ஆளு’

எங்கள் மேடத்துக்கு ஒரு ஆளைத் தெரியும். அந்த ஆள் உலகத்தில் எங்கேயும் கிடையாது. கிடையாது என்று மேடத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, அவர் புந்தோங்கில் வாடகை வீட்டில் இருக்கிறார், ஈப்போ டவுனுக்கு பஸ்ஸில் வருகிறார், மேகம் கறுத்தால் குடை எடுக்காமல் வாசலைத் தாண்டமாட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய லாயர் ஆபீசில் நான் கிராணியாக, குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தம்மாவுக்கு மரை கழண்டுவிட்டது, சீக்கிரம் வேறு வேலை பார்த்துக்கொள்வது நல்லது என்றுதான் நினைத்தேன். கடைசியில் அந்த இல்லாத ஆளை நம்பித்தான் எங்கம்மா குடியிருந்த வீட்டையே கோர்ட்டுக்குக் கொண்டுபோனோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் ஒன்றும் விளங்காது.

ஆபீஸ் பழைய டவுனில், ஒரு பாய் சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் இருந்தது. மரப்படி செங்குத்தாகப் போகும். முதல் நாள் நான் கைப்பையும் சாப்பாட்டுத் தூக்குமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். மேடம் மேலே நின்று, என்னைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இந்தப் படியில நம்ம ஆளு எப்படி ஏறுவாருன்னு நெனைக்கிறீங்க?”

“எந்த ஆளு மேடம்?”

“சும்மா ஒரு ஆளுலா. பெரிய புத்திசாலி இல்ல, மடையனும் இல்ல. கைப்பிடியப் பிடிச்சிக்கிட்டுத்தான் ஏறுவாரு. ஆனா பயந்தாங்கொள்ளின்னு நெனைச்சிராதீங்க. விளக்கு எரியலன்னா கீழயே நின்னு ஒரு சத்தம் குடுப்பாரு.”

மேடம் என்னைவிடக் கொஞ்சம் சின்னவர். அதனால் எனக்கு அக்கா பட்டம். அன்றைக்கு நான் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன் என்பதை அவர் கவனித்துவிட்டார் என்று எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது. உறைத்த அன்று எனக்கு வந்ததே கோபம்.

பிறகு அவரே விளக்கம் சொன்னார். வெள்ளைக்காரன் நாட்டில் ஒரு காலத்தில் நீதிபதிகளுக்குப் பெரிய தலைவலி. ஒருத்தன் கவனக்குறைவாக நடந்தான், அதனால் எனக்கு நஷ்டம் என்று இன்னொருத்தன் வந்து நிற்கிறான். கவனம் என்றால் எவ்வளவு கவனம்? யாரை வைத்து அளப்பது? ராசாவை வைத்தா, சாமியாரை வைத்தா? அதற்காக ஒரு சாதாரண மனுசனைக் கற்பனையாக உண்டாக்கிக்கொண்டார்கள். இந்த இடத்தில் அவர் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டுக்கொள்வார்கள். அவர் செய்யக்கூடியதை நீ செய்யவில்லை என்றால் தப்பு உன் மேல். சட்டப் புத்தகத்தில் அவருக்கு ரீசனபல் மேன் என்று பேர். மேடத்துக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. “கோட்டு சூட்டு போட்ட மாதிரி இருக்கு. நம்ம ஆளுன்னே வெச்சிக்குவோம்க்கா,” என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஈப்போவில் பெரும்பாலும் மழை இறங்கிவிடும். எங்கள் ஜன்னலுக்கு நேராகத் தூரத்தில் சுண்ணாம்பு மலை. மழை விட்டதும் மலையின் இடுப்பில் வெள்ளையாகப் புகை கட்டிக்கொண்டு நிற்கும். மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அரைக்கண் மூடி, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து நான் பூனை மாதிரி நடந்துபோய் ஃபேனைக் கூட்டி வைப்பேன்.

“வேணாங்க்கா. அவரு இப்பத்தான் ரோட்டத் தாண்டுறாரு,” என்பார், கண்ணைத் திறக்காமலே.

அந்த நேரத்தில் டெலிபோன் மணி அடித்தால்கூட எடுக்க எனக்கு மனசு வராது. பாவம், அவர் ரோட்டைத் தாண்டி முடிக்கட்டும் என்று தோன்றும். பைத்தியம் தொற்றிக்கொள்ளும் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

ஒரு லோரிக்காரர் வழக்கு வந்தது. ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். மேடம் கீழே எங்கள் பாய் கடைக்குப் போய், தரை கழுவுகிற நேரமாகப் பார்த்து ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னா மேடம், ஒடம்பு சொகமில்லையா?”

“இல்ல பாய். ஒருத்தரு வரணும், காத்திருக்கேன்.”

பாய் இரண்டு கிளாஸ் தே தாரேக் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மேடம் ஒன்றைக் குடித்தார். மற்றது ஆறி ஏடு கட்டும் வரைக்கும் அதைத் தொடவில்லை. மேலே வந்து லோரிக்காரரைக் கூப்பிட்டு, “அண்ணே, தரை ஈரம்னு மஞ்சப் பலகை வெச்சிருந்தாங்க. நீங்க போனப் பாத்துக்கிட்டே நடந்தீங்க. நம்ம ஆளு அந்தப் பலகையப் பாத்திருப்பாரு. கடைக்காரர் மேல தப்பு இருக்கு, வாங்கித் தாரேன். ஆனா பாதி ஒங்க மேல,” என்றார். லோரிக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “நீங்க எனக்கு லாயரா, அந்தக் கடைக்காரனுக்கு லாயரா?” என்று கத்திவிட்டுப் போனார். போனவர் திரும்ப வரவில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல். “ஏன் மேடம், வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? அந்தப் பலகைய எதிர்ப்பக்கத்து லாயர் பாத்துக்க மாட்டாரா?”

“அவரு பாத்துட்டாருக்கா, அப்புறம் நா எப்படிப் பாக்காத மாதிரி இருக்க?” என்றார். அவர் என்றது எதிர்ப்பக்கத்து லாயரை இல்லை. புந்தோங்கில் இருந்த ஆளை.

மேடம் கல்யாணம் ஆகாதவர். தாமான் குடியிருப்பு ஒன்றில் ஒரு சின்ன வீடு, இரண்டு செம்பருத்திச் செடி, ஒரு பழைய கார். எங்கள் வீட்டில் என் நாத்தனார் கேலி செய்வாள், “அந்தாளு வந்து பொண்ணு கேட்டாத்தான் ஒங்க மேடம் கட்டிக்குவாங்க போல,” என்று. ஒருநாள் மனசு கேட்காமல் மேடத்திடம் நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். “வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் நல்லவங்கதாங்க்கா. நாந்தான் ஒவ்வொருத்தரையும் நம்ம ஆளு பக்கத்துல நிறுத்திப் பாத்துட்டேன்.” சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அவர்மேல் பாசமும் எரிச்சலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

சட்டத்துக்குள் மேடத்துக்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு. இந்த ஆள் குறுக்கே விழுந்து கேள்வி கேட்கிற ஆள். இரண்டு பேர் ஒரு விஷயம் பேசி முடிக்கிறார்கள். சில சங்கதிகளை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள், அது இருவருக்குமே தெரிந்ததுதானே என்று. பின்னால் சண்டை வந்தால், சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? அதற்குச் சட்டம் ஒரு வேடிக்கையான வழி வைத்திருக்கிறது. அவர்கள் பேசும்போது ஒரு அதிகப்பிரசங்கி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொள். அவன் குறுக்கே புகுந்து, “அப்ப இதுக்கு என்னா?” என்று கேட்கிறான். இரண்டு பேரும் ஒரே குரலில், “இதுகூடச் சொல்லணுமா, போய்யா!” என்று அவனை விரட்டுவார்கள் என்றால், அந்தச் சங்கதி சொன்ன மாதிரிதான். ஒருத்தர் விரட்டி, இன்னொருத்தர் யோசித்தார் என்றால், இல்லை.

“நம்ம ஆளுங்க வீட்டுல இவருக்குப் பஞ்சமே இல்லக்கா,” என்பார் மேடம். “நிச்சயதார்த்தத்துல ஒரு பெரியப்பா இருப்பாருல்ல, தட்டு மாத்துற நேரத்துல தொண்டையக் கனைக்கிறவரு. அவருதான்.”

இப்படிக் கனவு கண்டுகொண்டு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த பொம்பளையிடம்தான் நான் எங்கள் தோட்டத்துச் சங்கதியைக் கொண்டுபோய் வைத்தேன்.

ஈப்போவுக்குத் தெற்கே சுங்காய்ப் பக்கம் எங்கள் தோட்டம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரப்பர், அப்புறம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. அம்மா அங்கேதான் பால் வெட்டி, பழம் பொறுக்கி, ஓய்வு பெற்று, தோட்டத்து ஆட்களுக்கான அதே லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தார். அந்த லயத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள்தான். தோட்டத்துக் கம்பெனி நிலத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. வாங்கினவர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள்: வீடுகள் வேலையாட்களுக்காகக் கொடுத்தவை, இப்போது வேலையும் இல்லை, தோட்டமும் இல்லை, காலி செய்யுங்கள், லயத்து மாரியம்மன் கோயிலையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் ஈப்போவில் வீடு வாங்கியபோதே அம்மாவை வந்துவிடச் சொன்னேன். வரவில்லை. மற்றவர்களுக்கு மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடச் சொல்லி ஆள் வந்தபோதும் யாரும் போடவில்லை. தரைக்கு சிமெண்டு பூசினார்கள், பின்னால் அடுப்படி இழுத்துக் கட்டினார்கள், பலா வைத்தார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில், “தொர சொல்லியிருக்காருலா.”

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற அன்று மேனேஜரைக் கூட்டிவருவார்கள். வெள்ளைக்காரர் போய் உள்நாட்டுக்காரர்கள் வந்த பிறகும் மேனேஜர் என்றால் தொரதான். அவர் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். கோயில் தலைவர் தட்டோடு நின்று, “தொர, கொடி ஏத்தலாங்களா?” என்று கேட்பார். தொர ஒரு பதில் சொல்வார். எந்த தொர வந்தாலும் அதே பதில்தான். ஆபீஸ் கிராணி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுவார். “ஏத்துங்க. ஒங்க ஆயுசு பூரா இது ஒங்க எடம்.” அதைக் கேட்டதும்தான் கொடி ஏறும்.

நிலத்தை வாங்கின கம்பெனியின் லாயர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். வருசா வருசம் அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆகவே நிலம் தங்களுடையது இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். தொர சொன்னது திருவிழா மரியாதைப் பேச்சு, வாக்குறுதி இல்லை. நம் ஆட்கள் சாமிக்கும் தொரைக்கும் சேர்த்துக் காட்டிய பணிவே நமக்கு ஆப்பாக வந்து நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

மேடம் மலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அந்த வார்த்தைய நம்பித்தான் ஒங்கம்மா ஈப்போவுக்கு வரலையா?”

“ஆமா மேடம்.”

“அப்ப எஸ்டோப்பல்னு ஒண்ணு இருக்குக்கா.”

இருமல் மருந்துப் பேர் மாதிரி இருந்தது எனக்கு. ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லி, அதை நம்பி இன்னொருத்தர் தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டால், சொன்னவர் பின்னால் மாற்றிப் பேச முடியாதபடி சட்டம் வாயை அடைத்துவிடும். ஆட்கள் குடியிருப்பது தெரிந்தே நிலத்தை வாங்கினவருக்கும் அது பொருந்தும் என்று வாதாடலாம். அதுதான் எஸ்டோப்பல். “ஆனா நா அந்த எடத்தப் பாக்கணும். அங்க ஒக்காந்தாத்தான் எனக்குத் தெரியும்,” என்றார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்டிப்போனேன். வெயில் மொட்டையடிக்கிற வெயில். செம்பனை ஓலைகள் அசையாமல் நின்றன. மேடம் கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அரைக்கண் மூடிக்கொண்டார். லயத்து ஆட்கள் கூடி நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். “இந்தப் பொண்ணா நமக்குக் கேஸ் நடத்தப்போவுது?” என்று அம்மா என் காதைக் கடித்தார்.

கண்ணை மூடியபடியே மேடம் சொன்னார். “கொடியேத்துற அன்னைக்கு என்னா நடக்குமோ, அப்படியே செஞ்சு காட்டுங்க.”

முதலில் ஒரே சிரிப்பு. ட்ராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவரை தொர ஆக்கி, துண்டைப் பரிவட்டமாகக் கட்டினார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தொர மாதிரி நடந்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் தலைவர் தட்டைக் கையில் எடுத்ததும் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது.

“தொர, கொடி ஏத்தலாங்களா?”

“ஏத்துங்க. ஒங்க ஆயுசு பூரா இது ஒங்க எடம்.”

அம்மா நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் குறுக்கே விழுந்தது. “அப்ப வேலைய விட்டு நின்னுட்டாலும் இருக்கலாமா, தொர?” திரும்பிப் பார்த்தால் மேடம். குரலை மாற்றி, கழுத்தை நீட்டிக்கொண்டு, அசல் அந்தப் பெரியப்பா.

“ஏய், வாய மூடு!” என்றார் ட்ராக்டர்காரர். அதே நொடியில் அம்மாவும், “கொடியேத்துற நேரத்துல என்னா கேள்விலா இது? ஆயுசுன்னா ஆயுசுதான்!” என்று பாய்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். மேடம் முகம் மலர்ந்தது பாருங்கள், பிள்ளை பெற்றவள் முகம்கூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

ஆனால் அத்தோடு விடவில்லை. இன்னொரு தடவை கழுத்தை நீட்டினார். “அப்ப ஒங்களுக்குப் பொறவு? புள்ளைங்க, பேரப்புள்ளைங்க?”

இந்தத் தடவை யாரும் அதட்டவில்லை. அம்மா ட்ராக்டர்காரரைப் பார்த்தார். அவர் தலைவரைப் பார்த்தார். எங்கோ தூரத்தில் ஒரு சேவல் கூவியது. ட்ராக்டர்காரர் மெதுவாகத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேடமும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் கோயில் தலைவர் ஆபீசுக்கு வந்தார். அவருடைய மகன் குடும்பமும் அவரோடு அந்த லயத்தில்தான் இருந்தது. “லாயரம்மா, ‘பரம்பரைக்கும் ஒங்க எடம்’னு தொர சொன்னாருன்னு நாங்க எல்லாரும் சேந்து சொல்லிருவோம். ஒரு வார்த்தைதானே? கடைசியா இருந்த தொரயும் செத்துப்போயிட்டாரு. யாரு வந்து இல்லம்பா?” என்றார்.

“அவரு சொல்லலியே, தலைவரே.”

“நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

தலைவர் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். எங்கம்மா வீடு அது. நான் பிறந்த வீடு. “நீங்க யாரு பக்கம் மேடம்?” என்றேன். என் குரல் கீழே பாய் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஒங்க பக்கந்தாங்க்கா. ஆனா ஒரு பொய்யக் கலந்துட்டா, மிச்சம் இருக்குற நெசத்தையும் நம்ம ஆளு நம்பமாட்டாரு.”

“அந்த ஆளு கெடந்தான்! இல்லாத ஆளுக்காக இருக்குறவங்கள ரோட்டுல விடப்போறீங்களா?”

மேடம் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மலை தெரியவில்லை. முழுக்க மழை.

ஈப்போ ஹைகோர்ட்டில் அம்மா சாட்சி சொன்னார். நல்ல சேலை, பூ, கையில் மடித்த கைக்குட்டை. தலைவர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து, ‘பரம்பரை’ என்று சொல்லச் சொல்லி அம்மாவுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தார் என்று எனக்குத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். கம்பெனி லாயர் கேட்டதற்கெல்லாம் அம்மா நேராகப் பதில் சொன்னார். அனுமதி கேட்டோம். ஏன்? மரியாதைக்கு. தொர சொன்னாரா? சொன்னாரு. நம்பினீங்களா? நம்பாமத்தான் சிமெண்டு பூசுனோமா?

அப்புறம் நீதிபதியே மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். “உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்கும் என்று அவர் சொன்னாரா?”

தலைவர் முன்வரிசையில் நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் மேடத்தைப் பார்த்தார். மேடம் கண்ணை மூடியிருந்தார். ஒரு ஜாடை கிடையாது, ஒரு தலையாட்டல் கிடையாது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

“அத அவரு சொல்லலங்கய்யா,” என்றார் அம்மா. “நாங்களும் கேக்கல.”

தீர்ப்பு வந்தபோது ஒருத்தருக்கும் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தம்மாவின் சாட்சியம் முழுவதையும் நம்புகிறேன் என்றார் நீதிபதி. தொரயின் வார்த்தையைக் காதால் கேட்டு, நம்பி, அங்கேயே தங்கிவிட்டவர்கள், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தங்கள் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கலாம். அவர்களில் கடைசி ஆள் இருக்கும் வரைக்கும் கோயிலும், கோயிலுக்குப் போகும் பாதையும் இருக்கும். அதற்குப் பிறகு எல்லாம் கம்பெனிக்கு.

பெண்கள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தலைவர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேனில் ஏறினார். அன்றிலிருந்து சாகும் வரைக்கும் எங்கள் குடும்பத்தோடும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு மேடம் காருக்குள் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒங்கம்மா உசுரக் கொண்டுபோயி வேலிக்கம்பா நட்டுட்டு வந்துட்டேனோ?”

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. “காரை எடுங்க மேடம், பசிக்குது,” என்றேன்.

செம்பனையெல்லாம் வெட்டிச் சாய்த்து, சுற்றிலும் தாமான் வந்துவிட்டது. வரிசை வரிசையாக மாடி வீடு, நடுவில் எங்கள் லயமும் கோயிலும் மட்டும் பழைய நிறத்தில். தொரயின் வார்த்தையைக் கேட்டவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தர் போனால் ஒரு வீட்டை இடிப்பார்கள். மிச்சம் இருந்த கிழடுகளை ஊரே பொத்திப் பொத்தி வளர்க்க ஆரம்பித்தது. தாமானுக்குக் குடிவந்த நம் ஆட்களுக்கும் அந்தக் கோயில்தானே? அம்மா குளிக்கிற இடத்தில் வழுக்காத பாய் போட்டார்கள். பின்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி கஞ்சி கொண்டுவந்து தருவாள். கோயில் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு செய்தி, ‘ஆயா சாப்ட்டாச்சு’ என்று.

“என்னைய நேந்துவிட்ட கெடா மாதிரில்ல வளக்குறானுங்க,” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

மேடம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வந்துவிடுவார். முதல் மரியாதையை அவருக்குச் செய்யப் பார்த்தார்கள். அது தொரைக்கு உள்ளது என்று ஒதுங்கிக்கொண்டார். அதனால் புதுத் தலைவர் தட்டோடு வந்து, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, “கொடி ஏத்தலாங்களா?” என்று கேட்பார். பதில் வராது. எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். காற்று வரும். அப்புறம் கொடி ஏறும். மேடம் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே வருகிறார் என்று நினைப்பேன். அரைக்கண் மூடி அப்படி ஒரு நிம்மதியோடு நிற்பார். பக்கத்தில் அம்மா. இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளமாட்டார்கள். “வா பொண்ணு,” என்பார் அம்மா. “இருக்கீங்களாம்மா?” என்பார் மேடம். “இருக்கேன்லா,” என்பார் அம்மா.

போன வருசம் ட்ராக்டர்காரரும் போனார். கேட்டவர்களில் அம்மா ஒருத்தர்தான் மிச்சம். அம்மாவுக்கும் அலுத்துவிட்டது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. யாராவது ஊட்ட வந்தால், “விடுங்கலா, நா போயிச் சேர்றேன். எத்தன நாளைக்கு ஒங்க கோயிலத் தூக்கிக்கிட்டு நிக்கிறது?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மேடத்துக்கு வயிற்றில் கட்டி என்று எங்களுக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்துபோன நேரம். ஒருத்தரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. தினமும் பார்க்கிற என்னிடம் சொல்ல என்ன கேடு? இன்னும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.

நான் வரவேண்டாம் என்று சொல்லியும் அம்மா கேட்காமல் சுங்காயிலிருந்து காரில் வந்தார். மேடத்தை நடு ஹாலில் கிடத்தியிருந்தார்கள். அவருக்கு அழ ஆள் குறைவு. கோர்ட்டில் எதிராக வாதாடிய லாயர்கள்கூட வந்து ஓரமாக நின்றார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தார். கன்னத்தைத் தடவினார். அழுவார் என்று பார்த்தேன். சண்டைதான் போட்டார்.

“எங்க அத்தன பேரு ஆயுசுக்கும் கோர்ட்டுல நின்னு பேசுனியே பொண்ணு. ஒன் ஆயுசுக்கு யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டு வெச்சிக்கிட்டியாடி?”

எதிர்ப்பக்கத்து லாயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அம்மா திரும்பி வருகிற வழி முழுக்க ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

லயத்துக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கம் போலக் கொஞ்சமாகச் சோறு போட்டு ரசம் ஊற்றிக் கொடுத்தேன். பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தட்டை என் பக்கம் நகர்த்தினார். போதுமா என்று எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னுங் கொஞ்சம் போடு. நா போயிட்டா, அந்தப் பொண்ணு வாங்கிக் குடுத்ததும் போயிரும்லா,” என்றார்.